தனியுரிமை, பாதுகாப்பு, சட்ட இணக்கம்: ஒன்டிரஸ்ட் போன்ற நிறுவனங்கள் உண்மையில் எதைத் தானியக்கமாக்குகின்றன?

கேள்வி: "சென்னையில் நாற்பது பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. அமெரிக்காவில் ஒரு பெரிய வாடிக்கையாளர் சாக் 2 என்ற பாதுகாப்புத் தணிக்கை அறிக்கையைக் கேட்கிறார். ஐரோப்பாவில் இன்னொருவர் அங்குள்ள ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி நீண்ட வினாப்பட்டியல் அனுப்பியிருக்கிறார். இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நெருங்கிவிட்டது. ஒன்டிரஸ்ட், வான்டா போன்ற மென்பொருள் நிறுவனங்கள் இவற்றையெல்லாம் தானாகவே செய்து தருவதாகச் சொல்கின்றன. அவை இவ்வளவு வேகமாக வளர்ந்தது எப்படி? அவற்றில் ஒன்றை வாங்கினால் எங்கள் வேலை முடிந்துவிடுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன்: முடிந்துவிடாது. ஆனாலும், பெரும்பாலும் நீங்கள் ஏதோ ஒன்றை வாங்கத்தான் வேண்டியிருக்கும். இந்த மென்பொருள்கள் சான்று திரட்டுவதையும், நாள் தவறாமல் நினைவூட்டுவதையும், ஒரு முறை செய்த வேலையை நான்கு சட்டங்களின் கணக்கிலும் எழுதிவைப்பதையும் மனிதரைவிட நன்றாகச் செய்கின்றன. எந்தத் தரவை வாங்குவது, எதை அழிப்பது, யாருக்கு எதைத் திறந்துவிடுவது என்ற முடிவுகள் மட்டும் உங்களிடமே தங்கிவிடுகின்றன. அவற்றோடு பொறுப்பும் தங்கிவிடுகிறது. தணிக்கைப் பக்கத்திலும் நிறுவனங்களின் பக்கத்திலும் மாறிமாறி இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கருவிகள் வருவதற்கு முன் இந்த வேலை எப்படி நடந்தது என்று பார்த்தவர்களுக்கு அவற்றின் வளர்ச்சி வியப்பளிக்காது. பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த ஒரு நிறுவனத்தின் முதல் சாக் 2 தணிக்கைக்கு நான் உதவியபோது, மூன்று பேர் ஏறக்குறைய ஆறு வாரம் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதையே முழுநேர வேலையாகச் செய்தார்கள். ஒவ்வொரு சர்வரிலும் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) இயக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு ஒரு படம். ஒவ்வொரு பணியாளரின் கணக்கிலும் இரட்டைச் சரிபார்ப்பு இருக்கிறது என்பதற்கு ஒரு படம். தீச்சுவர் (ஃபயர்வால்) விதிகளுக்கு ஒரு படம். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றைத் தணிக்கையாளர் திருப்பி அனுப்பினார், ஏனென்றால் திரையின் ஓரத்தில் நாளும் நேரமும் தெரியவில்லை. எல்லாவற்றையும் மறுபடி எடுத்தோம். பிறகு அவர், அந்த ஆண்டு வேலையை விட்டுப் போனவர்களின் பட்டியலிலிருந்து இருபத்தைந்து பெயர்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரின் கணக்கும் எப்போது முடக்கப்பட்டது என்று கேட்டார். கொள்கை ஆவணத்தில் '24 மணி நேரத்துக்குள்' என்று நாங்களே எழுதியிருந்தோம். அந்த இருபத்தைந்தில் ஒருவர் 14ஆம் தேதி விடைபெற்றிருந்தார். அவருடைய கணக்கு 29ஆம் தேதி வரை திறந்தே கிடந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு விட்டுவிடவில்லை. மனிதவளத் துறையின் மின்னஞ்சல், விடுப்பில் இருந்த ஒருவரின் அஞ்சல் பெட்டியில் படிக்கப்படாமல் கிடந்திருக்கிறது. அறிக்கையில் அது ஒரு விதிவிலக்காக, அதாவது சொன்னபடி நடக்காத ஒன்றாக, பதிவானது. வாடிக்கையாளரிடம் அதை விளக்க இரண்டு வாரம் ஆனது.

மறதி, கைவேலை, சிதறிக் கிடக்கும் எக்செல் தாள்கள் என்ற இந்த மூன்றின் மேல்தான் இந்தத் தொழில் எழுந்தது. ஆனால் அவை எப்போதும் இருந்தவை. தொழில் 2016க்குப் பிறகு சட்டென்று வளர்ந்ததற்குக் காரணம் ஒரு சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2016 ஏப்ரலில் ஜிடிபிஆர் எனப்படும் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையை ஏற்றுக்கொண்டு, அது 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்தது. அபராதம் 2 கோடி யூரோ வரை அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுவரவில் 4 சதவீதம் வரை, இவற்றில் எது கூடுதலோ அது. எல்லோரும் பேசியது இந்தத் தொகையைப் பற்றித்தான். என் பார்வையில் அதைவிட முக்கியமானது வேறொன்று: சட்டத்தைப் பின்பற்றினால் மட்டும் போதாது, பின்பற்றுவதைக் காட்டவும் முடிய வேண்டும் என்று அந்த ஒழுங்குமுறை வெளிப்படையாகவே எழுதிவைத்தது. எந்தெந்தத் தரவை எந்த நோக்கத்துக்காகக் கையாளுகிறோம் என்ற பதிவேட்டை 30ஆம் பிரிவு கேட்கிறது. ஆபத்து மிகுந்த செயல்களுக்கு முன்கூட்டிய மதிப்பீட்டை 35ஆம் பிரிவு கேட்கிறது. மீறல் நடந்தால் 72 மணி நேரத்துக்குள் ஒழுங்குமுறை அமைப்புக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 33ஆம் பிரிவு. நிரூபிக்கும் கடமை வந்தவுடன் கணக்கு எழுதும் வேலை வந்துவிட்டது. கணக்கு எழுதும் வேலை வந்தால் அதற்கான மென்பொருளும் வந்தே தீரும்.

அந்தத் தருணத்தைச் சரியாகக் கணித்தவர்களில் முதன்மையானவர் கபீர் பார்டே. ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்தவர். அட்லாண்டாவில் ஏர்வாட்ச் என்ற, அலுவலகக் கைப்பேசிகளை மேலாண்மை செய்யும் மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றியவர். பணியாளரின் சொந்தக் கைப்பேசியில் நிறுவனம் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்ற கேள்வி அந்த வேலையில் தினமும் எழும். ஏர்வாட்சை 2014இல் விஎம்வேர் என்ற மென்பொருள் நிறுவனம் ஏறக்குறைய 154 கோடி டாலருக்கு வாங்கியது. 2016இல், ஜிடிபிஆர் ஏற்கப்பட்ட அதே ஆண்டில், பார்டே ஒன்டிரஸ்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். வெளி முதலீடே இல்லாமல் மூன்று ஆண்டுகள் வளர்ந்து, 2019 ஜூலையில் முதல் முறையாக 20 கோடி டாலர் திரட்டியபோது நிறுவனத்தின் மதிப்பு 130 கோடி டாலராகக் கணக்கிடப்பட்டது. 2020 டிசம்பரில் அந்த மதிப்பு 510 கோடி. அதே ஆண்டு, அமெரிக்காவில் வேகமாக வளரும் தனியார் நிறுவனங்களை வரிசைப்படுத்தும் இன்க் இதழின் 5000 நிறுவனப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. மூன்றாண்டு வளர்ச்சி 48,337 சதவீதம் என்று அந்தப் பட்டியல் பதிவு செய்தது. பூச்சியத்துக்கு அருகிலிருந்து தொடங்கியவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட எண் வாய்க்கும் என்றாலும், அது சாதாரண வளர்ச்சி அல்ல.

வளர்ச்சியின் ஒரு பகுதி மற்ற நிறுவனங்களை வாங்கியதால் வந்தது. தரவைத் தேடி வகைப்படுத்தும் இன்டெக்ரிஸ், நெறிமுறைப் புகார்களைக் கையாளும் கன்வர்சென்ட், சாக் 2 தயாரிப்பைத் தானியக்கமாக்கும் டக்போட் லாஜிக் ஆகியவை 2020, 2021 ஆண்டுகளில் அதனுள் வந்து சேர்ந்தன. தனியுரிமைக்கான கருவியாகத் தொடங்கியது, பாதுகாப்பு, தணிக்கை, வெளி நிறுவனங்களின் அபாயம் என எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர முயன்றது. பிறகு 2022 ஜூனில் ஏறக்குறைய 950 பேரை, அதாவது பணியாளர்களில் கால் பங்கினரை, வேலையை விட்டு அனுப்பியது; 2023இல் அடுத்த சுற்று முதலீடு வந்தபோது மதிப்பு 450 கோடி டாலராகக் குறைந்திருந்தது. இதை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் தரவுப் பதிவேட்டை ஒரு வெளி மென்பொருளுக்குள் வைக்கும்போது அந்த நிறுவனத்தின் ஏற்ற இறக்கமும் உங்கள் கவலையாகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், உங்கள் பதிவுகள் அனைத்தையும் பயன்படுத்தக்கூடிய வடிவில் வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா என்று அவசியம் கேளுங்கள்.

இனி, தனியுரிமைப் பக்கத்தில் இந்த மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அடித்தளம் தரவு வரைபடம். உங்கள் வாடிக்கையாளர் பட்டியல், சம்பளப் பதிவு, உதவிக் கோரிக்கைகள், கிளவுட் சேமிப்பு என்று ஒவ்வோர் அமைப்புடனும் அது ஏபிஐ எனப்படும் மென்பொருள் இணைப்பு வழியாக இணைந்து, எங்கே பெயர் இருக்கிறது, எங்கே கைப்பேசி எண் இருக்கிறது, எங்கே வங்கிக் கணக்கு இருக்கிறது என்று தேடிப் பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலின் மேல்தான் மற்ற எல்லாம் நிற்கின்றன. ஒருவர் 'என்னைப் பற்றி உங்களிடம் இருக்கும் எல்லாவற்றையும் காட்டுங்கள்' என்று எழுதினால், ஜிடிபிஆர் படி ஒரு மாதத்துக்குள் விடை சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் சட்டப்படி 45 நாளுக்குள். கோரிக்கை வந்த நொடியில் கருவி கடிகாரத்தைத் தொடங்குகிறது, கேட்பவர் அவர்தானா என்று சரிபார்க்கிறது, ஒவ்வோர் அமைப்பிலும் தேடுகிறது, மற்றவர்களின் பெயர்களை மறைக்கிறது, தொகுத்துத் தருகிறது, செய்ததையெல்லாம் நாள் நேரத்தோடு பதிகிறது. ஆண்டுக்கு ஐந்து கோரிக்கை வரும் நிறுவனத்துக்கு இது தேவைப்படாது. மாதத்துக்கு ஐந்நூறு வரும் நிறுவனத்தால் இது இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது.

இங்கே நம்மூருக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விற்பனைக்கு வருபவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். கண்ணன் என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம், தந்தை முருகேசன். பில்லிங் அமைப்பில் அவர் 'எம். கண்ணன்'. விற்பனைக் குழுவின் பட்டியலில் 'கண்ணன் எம்'. பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிந்த இடத்தில் 'கண்ணன் முருகேசன்', அதுவும் குடும்பப் பெயரென்று எண்ணி 'திரு. முருகேசன்' என்று கடிதம் போகிறது. கடைசிப் பெயர் கட்டாயம் என்று அடம்பிடித்த இன்னொரு படிவத்தில் அவர் வெறும் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முதல் பெயர், குடும்பப் பெயர் என்ற அமெரிக்க அச்சில் வார்த்த தேடல், இந்த நால்வரும் ஒருவர்தான் என்று அறியாது. மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் பொருந்தினால்தான் கண்டுபிடிக்கும், எண்ணை மாற்றியிருந்தால் அதுவும் இல்லை. 'உங்கள் தரவு முழுவதையும் அழித்துவிட்டோம்' என்று கண்ணனுக்குக் கடிதம் போகும். மூன்று அமைப்புகளில் அவர் அப்படியே இருப்பார். தமிழ்நாட்டில் வாடிக்கையாளர் உள்ள எந்த நிறுவனமும் இந்தக் கருவிகளைச் சோதிக்கும்போது தலைப்பெழுத்துப் பெயர்களை வைத்துத்தான் முதல் சோதனையைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு குருட்டுப் புள்ளியும் இருக்கிறது. கருவி தனக்கு இணைப்பு உள்ள இடத்தை மட்டுமே பார்க்கும். விற்பனையாளரின் சொந்தக் கைப்பேசியில் உள்ள வாட்ஸ்அப் உரையாடல்கள், யாரோ பதிவிறக்கித் தன் மடிக்கணினியில் வைத்த வாடிக்கையாளர் பட்டியல், மூன்று ஆண்டுக்கு முந்தைய காப்புப் பிரதி ஆகியவை வரைபடத்தில் வராது. ஒவ்வொரு குழுவோடும் உட்கார்ந்து 'இந்த வேலையை நீங்கள் உண்மையில் எப்படிச் செய்கிறீர்கள்' என்று கேட்பதற்கு மாற்று எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

பாதுகாப்புப் பக்கத்துக்கு வருவோம். உங்கள் உடனடித் தேவை இதுதான். சாக் 2 என்பது அமெரிக்கச் சான்றுபெற்ற பொதுக் கணக்காளர்கள் கழகம் வகுத்த ஓர் அறிக்கை முறை. பாதுகாப்பு, கிடைக்கும் தன்மை, செயலாக்கத்தின் நேர்மை, இரகசியம், தனியுரிமை என்ற ஐந்து தலைப்புகளில் பாதுகாப்பு மட்டுமே கட்டாயம். இதைப் பலர் 'சாக் 2 சான்றிதழ்' என்கிறார்கள். அது சான்றிதழே அல்ல, சுதந்திரமான ஒரு தணிக்கையாளரின் கருத்துரை. முதல் வகை அறிக்கை, குறிப்பிட்ட ஒரு நாளில் உங்கள் கட்டுப்பாடுகள் (தரவைக் காக்க நீங்கள் வகுத்த நடைமுறைகள்) சரியாக வடிவமைக்கப்பட்டிருந்தனவா என்று சொல்கிறது. இரண்டாம் வகை, பெரும்பாலும் மூன்று முதல் பன்னிரண்டு மாதம் வரையிலான ஒரு காலம் முழுவதும் அவை இயங்கினவா என்று சொல்கிறது. ஐஎஸ்ஓ 27001 என்ற பன்னாட்டுத் தகவல் பாதுகாப்புத் தரநிலைதான் உண்மையில் சான்றிதழ் தருவது. அதன் 2022ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னிணைப்பில் 93 கட்டுப்பாடுகள் உள்ளன, முந்தைய பதிப்பில் 114 இருந்தன.

இந்தச் சந்தையில் ஒன்டிரஸ்டைவிட உங்களைப் போன்ற சிறு நிறுவனங்களுக்கு அருகில் இருப்பது வான்டா. முன்பு டிராப்பாக்சில் பணியாற்றிய கிறிஸ்டினா காசியோப்போ 2018இல் தொடங்கியது. 2025இல் அதன் மதிப்பு 415 கோடி டாலராகக் கணக்கிடப்பட்டது. பெங்களூரிலிருந்து வளர்ந்த ஸ்பிரிண்டோ போன்றவையும் இதே வேலையைச் செய்கின்றன. முறை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கிளவுட் கணக்கு, மின்னஞ்சல் நிர்வாகம், நிரல் சேமிப்பகம், மனிதவள மென்பொருள் ஆகியவற்றோடு, பெரும்பாலும் படிக்க மட்டும் அனுமதி பெற்று இணைந்து, குறிப்பிட்ட இடைவெளியில் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கின்றன: இந்தத் தரவுத்தளம் மறையாக்கப்பட்டிருக்கிறதா? பொதுவெளிக்குத் திறந்த சேமிப்பு ஏதும் உண்டா? நேற்று விடைபெற்றவரின் கணக்கு இன்று மூடப்பட்டதா? நான் முன்பு சொன்ன அந்த 14ஆம் தேதிக்காரரின் கணக்கு, இப்படிப்பட்ட ஒரு கருவி இருந்திருந்தால், 15ஆம் தேதி காலையிலேயே சிவப்பாகத் தெரிந்திருக்கும். எவருடைய அஞ்சல் பெட்டியையும் நம்பியிருக்க வேண்டியிருக்காது.

உண்மையான சேமிப்பு எங்கே கிடைக்கிறது என்று கேட்டால், ஸ்கிரீன்ஷாட்டில் என்று பலரும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை அது பொருத்தம் பார்ப்பதில் கிடைக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை யாருக்கு எந்த அணுகல் இருக்கிறது என்று மறுபரிசீலனை செய்கிறீர்கள். அந்த ஒரே செயல் சாக் 2இன் ஒரு விதியையும் ஐஎஸ்ஓவின் ஒரு கட்டுப்பாட்டையும் நிறைவேற்றுகிறது, ஐரோப்பிய வாடிக்கையாளரின் வினாப்பட்டியலில் ஏழெட்டுக் கேள்விக்கு விடையாகிறது, இந்தியச் சட்டம் கேட்கும் நியாயமான பாதுகாப்பு ஏற்பாட்டுக்கும் சான்றாகிறது. இந்தக் குறுக்கு இணைப்பை எக்செல்லில் பராமரித்தவர்களுக்கு அதன் வலி தெரியும்: ஒரு தரநிலையின் பதிப்பு மாறினால் வரிசைகள் எல்லாம் நொறுங்கிவிடும்.

ஆண்டுக்கொரு முறை பார்ப்பதற்கும் இடைவிடாமல் பார்ப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு ஈக்விஃபாக்ஸ் நிகழ்வே போதும். அமெரிக்காவின் அந்தக் கடன் மதிப்பீட்டு நிறுவனத்துக்குள் 2017 மே மாதம் நுழைந்தவர்கள் 76 நாட்கள் உள்ளேயே இருந்தார்கள், ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் விவரங்கள் வெளியேறின. நுழைவாயிலாக இருந்தது அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஒரு குறை; அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. திருத்தங்களை உடனே நிறுவ வேண்டும் என்ற கொள்கையும் அவர்களிடம் இருந்தது. வலைப் போக்குவரத்தை ஆய்வு செய்யும் கருவியும் இருந்தது. அதன் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, பல மாதங்களாக அது கண்ணை மூடிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சான்றிதழைப் புதுப்பித்தபோதுதான் ஊடுருவலே தெரியவந்தது. கொள்கை இருந்தது, கருவி இருந்தது, கருவி வேலை செய்கிறதா என்று நாள்தோறும் கேட்கும் ஏற்பாடு இல்லை. காலாவதித் தேதியைக் கவனிப்பது போன்ற சலிப்பூட்டும் வேலையை மனிதரிடம் கொடுக்காமல் இயந்திரத்திடம் கொடுக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இதே நிகழ்வு எதிர்ப்பக்கத்துக்கும் பாடமாகிறது: தானியக்கக் கருவியும் மௌனமாகச் செத்துப்போகலாம். கலிபோர்னியாவின் தனியுரிமைப் பாதுகாப்பு முகமை 2025 மே மாதத்தில் டாட் ஸ்னைடர் என்ற ஆடை நிறுவனத்துக்கு 3,45,178 டாலர் அபராதம் விதித்தது. அந்த நிறுவனம் தனியுரிமைக் கோரிக்கைகளுக்காக வெளி நிறுவனம் ஒன்றின் மென்பொருளை வாங்கிப் பொருத்தியிருந்தது. 'என் தரவை விற்காதீர்கள்' என்று தேர்வு செய்வதற்கான குக்கீ பட்டை (இணையதளம் உலாவியில் வைக்கும் சிறு கோப்புகளுக்கு அனுமதி கேட்கும் பெட்டி), திறந்த மாத்திரத்தில் மறைந்துவிடும்படி தவறாக அமைக்கப்பட்டிருந்தது. 40 நாட்கள் யாராலும் விலகிக்கொள்ள முடியவில்லை, நிறுவனத்தில் யாருக்கும் அது தெரியவும் இல்லை. கருவி எங்களுடையது அல்ல என்ற வாதத்தை முகமை ஏற்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் ஹோண்டாவின் அமெரிக்கக் கிளைக்கு 6,32,500 டாலர். அங்கே காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, குக்கீகளை ஏற்க ஒரு சொடுக்கு போதும், மறுக்க இரண்டு வேண்டும் என்ற அமைப்பு. பிரான்சின் ஒழுங்குமுறை அமைப்பு இதே போன்ற ஏற்றத்தாழ்வுக்காக 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் விதித்ததாக அறிவித்தது.

ஒரு சொடுக்கு கூடுதல் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று எந்த மென்பொருளும் உங்களைக் கேட்காமல் முடிவு செய்வதில்லை. ஏற்பு, மறுப்பு இரண்டையும் ஒரே அளவில், ஒரே வரிசையில் வைக்கும் வசதி இந்தக் கருவிகளில் இருக்கிறது. மறுப்பை மூன்றாம் திரையில் ஒளித்துவைக்கும் வசதியும் இருக்கிறது. எதைத் தேர்வு செய்வது என்பது உங்கள் விற்பனைக் குழுவோடு நீங்கள் நடத்த வேண்டிய உரையாடல். அந்த உரையாடலில் வாடிக்கையாளரின் பக்கம் நிற்பவர் ஒருவராவது அறையில் இருக்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

தணிக்கைக் கருவிகளிலும் இதற்கு இணையான வழுக்கல் உண்டு. சிவப்பாக இருக்கும் ஒரு சோதனையைப் பச்சையாக்க இரண்டு வழிகள்: குறையைச் சரி செய்வது, அல்லது 'எங்களுக்குப் பொருந்தாது' என்று குறித்துவிடுவது. தணிக்கை நெருங்கும் வாரத்தில் இரண்டாம் வழியில் கூட்டம் அதிகமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆயத்த வார்ப்புருவிலிருந்து எடுத்த கொள்கை ஆவணத்தில் நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்திட்டு, அதில் எழுதியிருக்கும் எதையும் செய்யாமல் இருப்பது இன்னொரு வழக்கம். ஒரு நிறுவனத்தில், தரவு மையத்தின் கதவுக்குக் கைரேகைப் பூட்டு இருக்கும் என்று ஆவணம் சொன்னது. அவர்களிடம் தரவு மையமே கிடையாது, எல்லாம் கிளவுடில் இருந்தது. மென்பொருள் விற்பவரே தணிக்கையாளரையும் குறைந்த விலையில் சேர்த்துத் தருகிறார் என்றால், அந்தத் தணிக்கையாளர் யார், எத்தனை பேரை நேரில் விசாரிக்கிறார், முன்பு எழுதிய அறிக்கைகளில் விதிவிலக்குகளைப் பதிந்திருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். குறையே எழுதாத தணிக்கையாளரின் கையெழுத்தை விவரம் தெரிந்த வாடிக்கையாளர் மதிப்பதில்லை.

இந்தியச் சட்டத்தைப் பற்றி. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும்படி அவை எழுதப்பட்டிருக்கின்றன. நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது 8ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு: எந்த ஒப்பந்தம் இருந்தாலும், உங்களுக்காகத் தரவைக் கையாளும் வெளி நிறுவனம் செய்வதற்கும் நீங்களே பொறுப்பு. கலிபோர்னியா முகமை அபராத உத்தரவில் சொன்னதை நம் சட்டம் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது. இதற்கும் முன்பே, 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, பட்டியலிட்ட இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுக் கோப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் புதிய விதிகளோ ஓராண்டு கேட்கின்றன. ஜிடிபிஆரின் 72 மணி நேரத்தை மட்டும் மனத்தில் வைத்து வடிவமைத்த வெளிநாட்டுக் கருவியில் இந்த ஆறு மணி நேரக் கடிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரி, இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள எந்த மொழியிலுமோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பது. தமிழும் அவற்றில் ஒன்று. கருவிகள் இயந்திர மொழிபெயர்ப்பால் ஒரு தமிழ் அறிவிப்பைக் கொட்டிவிடும். 'செயலாக்கத்திற்கான சட்டப்பூர்வ அடிப்படை' என்று தொடங்கும் அந்த அறிவிப்பைத் தென்காசியில் ஒரு மளிகைக் கடைக்காரர் படித்தால் அவருக்கு என்ன விளங்கும்? 'உங்கள் கைப்பேசி எண்ணைப் பொருள் கொண்டுவந்து தருவதற்காக மட்டும் வைத்திருக்கிறோம். வேண்டாமென்றால் இங்கே அழுத்துங்கள்' என்று எழுத ஒரு மனிதர் அரை நாள் செலவிட்டால் போதும். அந்த அரை நாளை நிறுவனங்கள் செலவிட வேண்டும் என்று நான் போகுமிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் நிலைமைக்கு என் பரிந்துரை இது. ஒன்டிரஸ்டின் முழுத் தொகுப்பு பல நாடுகளில் இயங்கும் பெரிய நிறுவனங்களுக்கானது. நாற்பது பேருக்கு அதை நடத்தவே ஓர் ஆள் வேண்டியிருக்கும். சாக் 2, ஐஎஸ்ஓ இரண்டையும் கையாளும் சிறிய கருவி ஒன்று போதும். ஆனால் வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு, யாரிடமிருந்து எந்தத் தரவை வாங்குகிறோம், ஏன், எங்கே வைக்கிறோம், யார் பார்க்கிறார்கள், எப்போது அழிக்கிறோம் என்பதை ஒரே தாளில் கையால் எழுதுங்கள். எழுதும்போதே, தேவையில்லாமல் வாங்கிக்கொண்டிருக்கும் விவரங்கள் சில கண்ணில் படும். அவற்றை வாங்குவதை நிறுத்தினால் அவற்றுக்கான பாதுகாப்பு, கோரிக்கை, அபராதம் எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். கருவி நிறுவிய பிறகு, நிறுவனத்துக்குள் பெயர் சொல்லி ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். சிவப்பு எச்சரிக்கையைப் 'பொருந்தாது' என்று குறிக்கும் அதிகாரத்தை அவரிடம் மட்டும் கொடுத்து, காரணத்தை எழுதச் சொல்லுங்கள். மாதத்துக்கு ஒரு முறை, அலுவலகக் கணினியில் அல்லாமல் சொந்தக் கைப்பேசியில் உங்கள் இணையதளத்தைத் திறந்து, மறுப்புப் பொத்தானை நீங்களே அழுத்திப் பாருங்கள். 'என் தரவை அழியுங்கள்' என்று தலைப்பெழுத்துப் பெயரில் ஒரு கோரிக்கையும் அனுப்பிப் பாருங்கள்.

அமெரிக்க வாடிக்கையாளருக்கு எழுதும் பதிலில், முதல் வகை அறிக்கைக்கான நாளையும், இரண்டாம் வகைக்கான கண்காணிப்புக் காலம் எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதையும் மட்டும் குறிப்பிடுங்கள். கட்டுப்பாடுகள் ஓடத் தொடங்கிய நாளிலிருந்துதான் அந்தக் காலத்தை எண்ண முடியும். எந்த மென்பொருளாலும் மூன்று மாதத்தை மூன்று வாரமாகச் சுருக்க முடியாது. ஆகவே தேதியை விற்பனைக் குழு முடிவு செய்ய விடாமல், அணுகல் மறுபரிசீலனையை முதன்முதலாகச் செய்து முடிக்கப்போகும் பொறியாளரிடம் கேட்டு எழுதுங்கள்.